எல்லோரும் வி.ஐ.பி.

டிரங்க் கால் காலத்தில் அவசரத்துக்கு விலை உண்டு. ஆர்டினரி, அதற்கு இரு மடங்கில் அர்ஜென்ட், எட்டு மடங்கில் லைட்னிங். எங்கள் ஊர்த் தபாலாபீஸில் யாராவது லைட்னிங் கேட்டால், கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "யாருக்குங்க முடியல?" என்பார். அவ்வளவு பணம் கட்டி எவனும் சும்மா கூப்பிட மாட்டான். முழு ஏற்பாடும் அந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

பிறகு நான் நெட்வொர்க் வேலைக்கு வந்து சேர்ந்தேன். தகவலைச் சுமக்கும் பாக்கெட்டின் நெற்றியிலேயே முன்னுரிமையை எழுத 1981லேயே இடம் விட்டிருந்தார்கள்; 1998ல் அதை ஆறு பிட்டாகத் திருத்தினார்கள். 64 தரம் பிரிக்கலாம். நாலுக்கு மேல் கட்டி மேய்த்தவரை நான் பார்த்ததில்லை. குரலுக்கு வழக்கமாக 46.

அப்போது கம்பெனிக் கிளைகளுக்கு 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன். அதில் 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேறவே 187 மில்லி செகண்ட் பிடிக்கும். குரலோ 150க்குள் மறுமுனையைத் தொட்டால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) கணக்கு. கிளம்பிவிட்ட பாக்கெட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. 46 போட்டும் என்ன பயன்? ஆகவே பெரிய பாக்கெட்டுகளைத் துண்டு போட்டு, இடுக்கில் குரலைச் செருகுவோம். நடுராத்திரியில் ரௌட்டரில் கியூவைத் திருகிக்கொண்டே இருந்தால், கிளையிலிருந்து ஒருவர் "இப்ப கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இல்ல சார்" என்பார். அதற்கப்புறம்தான் டீ.

செய்தி பரவியது. "எங்க டிராஃபிக்கையும் 46ல போடுங்க" என்று அக்கவுண்ட்ஸ் வந்தது, பின்னாலேயே ஸ்டோர்ஸ். எட்டு மடங்குக் கட்டணம் இங்கே இல்லையே! ஒரு கம்பெனியில் நிர்வாக இயக்குநரின் லேப்டாப்புக்கே 46. அவர் அதில் கிரிக்கெட் பார்த்தார். எல்லாரும் முதல் வரிசைக்கு வந்தபின் அது வெறும் வரிசைதான். போதாக்குறைக்கு, கம்பெனி வாசலைத் தாண்டியதும் பல இணைய நிறுவனங்கள் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும்.

இப்போது வீட்டுக்கே ஃபைபர். ஒரு ஜிகாபிட்டில் அதே பாக்கெட் 12 மைக்ரோ செகண்டில் போய்விடும். ஆனாலும் "கேக்குதா? கேக்குதா?" ஓயவில்லை. காரணம் வேடிக்கையானது. மெமரி மலிந்துவிட்டது. அன்று இடமில்லாமல் பாக்கெட்டைக் கீழே போடுவோம். அனுப்புகிற கணினியும் அதையே குறிப்பாக எடுத்து வேகத்தைக் குறைக்கும். இன்று பல மோடம்கள் லேசில் எதையும் போடாமல் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பையன் ஒரு வீடியோ அப்லோடு செய்தால், அப்பாவின் குரல் அதன் பின்னால் நிற்கும்.

2012ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கொரு வழி சொன்னார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார். காத்திருப்பு ஐந்து மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமலே இருந்தால் கீழே போட ஆரம்பி. நீ யார், நெற்றியில் என்ன எண் என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. நாங்கள் இரவெல்லாம் கட்டிய சாதி வரிசையைவிட இது வீட்டு லைனில் நன்றாகவே வேலை செய்கிறது.

வீட்டில் வீடியோ கால் தடுமாறினால் பெரிய பிளானுக்குத் தாவாதீர்கள். ரௌட்டர் செட்டிங்கில் இந்த வழியில் வரிசையைக் கவனிக்கும் எஸ்.க்யூ.எம். இருந்தால் அதைப் போட்டு, வரிசை மோடத்தில் சேராதபடி வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.