வைக்கோல் வண்டிக்கு டிக்கெட்

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா
ஐப்பசி

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? பொங்கல் விளையாட்டு விழாவுக்கு இப்போதே கமிட்டி போட்டாயிற்று, இந்த வருஷமும் நீங்கள்தான் தலைவர் என்று அம்மா போனில் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் படிக்காமலே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவீர்கள்.

அக்டோபர் மாதம் முழுக்க இங்கே அறுப்புக் கொண்டாட்டம். பானை வைப்பது, பால் பொங்குவது எல்லாம் கிடையாது. பண்ணையின் கேட்டைத் திறந்துவிட்டு டிக்கெட் கிழிக்கிறார்கள். உள்ளே போனதும் முதல் வேலை, டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் ஆட்களை உட்காரவைத்து வயலைச் சுற்றிக் காட்டுவது. வைக்கோல் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்ததற்காக நீங்கள் என்னைப் புளிய விளாறால் வெளுத்தது நினைவிருக்கிறதா? அதே காரியத்துக்கு இங்கே பணம் கட்டிவிட்டு ஏறினேன். பக்கத்தில் ஒரு பல் டாக்டர், காலைச் சொறிந்துகொண்டே ஆனந்தமாகச் சிரித்தார்.

அடுத்தது மக்காச்சோளக் கொல்லைக்குள் தொலைந்துபோவது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கொல்லையில் கோணல்மாணலாகப் பாதை வெட்டிவிட்டு, வழி கண்டுபிடித்து வெளியே வா என்கிறார்கள். இந்தக் கூத்து இப்போதிருக்கும் வடிவத்தில் முதலில் ஆரம்பித்தது எங்களுக்குப் பக்கத்து ஆன்வில் ஊரில்தான், 1993-இல். நம் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்துக்குள் நாலு பேர் இப்படி அலைந்தால் கொல்லைக்காரர் கம்போடுதான் வழி காட்டுவார்.

ஆனால் மாமா, சொல்ல வந்தது இது. இதையெல்லாம் விளையாடுகிறவர்கள் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள். தலை நரைத்தவர்கள். தண்ணீர்த் தொட்டியில் ஆப்பிளை மிதக்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லால் கவ்வ வேண்டும். ஆப்பிளில் கால்வாசி காற்று, அதனால் அது முங்காது. முங்குவதெல்லாம் மனுஷன் தலைதான். மூக்கில் தண்ணீர் ஏறிய ஒரு தாத்தா இருமி முடித்துவிட்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்றார். எச்சில் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஆப்பிளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நம்மூரில் பன் கடிக்கும் போட்டி வைப்போமே, அச்சு அசலாக அதுதான்.

மக்காச்சோளம் உரிக்கும் போட்டியும் உண்டு. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1920-களில் அயோவாவில் இதற்கு ஊக்கம் கொடுத்து வளர்த்த ஹென்றி வாலஸ், பிற்பாடு இந்த நாட்டின் துணை ஜனாதிபதியாகவே ஆனார். எண்பது நிமிஷத்தில் யார் அதிகம் ஒடித்து உரிக்கிறார்கள் என்று பார்க்க, 1930-களில் லட்சம் பேருக்கு மேல் வயலில் கூடியிருக்கிறார்கள். அதற்கும் முந்தைய காலத்தில், உரிக்கும்போது சிவப்புக் கதிர் அகப்பட்டவர் பிடித்தவருக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று வழக்கம். அதைக் கமிட்டியில் பேசாதீர்கள். நாங்கள் போன பண்ணையில் நடந்த போட்டியில் உங்கள் பெண் எல்லோரையும் தோற்கடித்தாள். எனக்கு ஆச்சரியமில்லை.

நம்மூருக்குப் பொருந்துவது பை எறியும் ஆட்டம். நாலடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு பலகையைச் சாய்த்துவைத்து, மேல்பக்கம் ஆறு அங்குல ஓட்டை போட வேண்டும். அதேபோல் இன்னொன்று 27 அடி தள்ளி எதிரே. அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான துணிப்பையை எறிய வேண்டும். ஓட்டைக்குள் விழுந்தால் 3, பலகைமேல் நின்றால் 1. எதிராளியின் புள்ளியைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் சேர்ப்பார்கள். 21 எடுத்தவர் ஜெயித்தார். பைக்குள் இவர்கள் மக்காச்சோளம் போட்டார்கள், இப்போது பிளாஸ்டிக் மணிகூடப் போடுகிறார்கள். நம்மிடம் பொன்னி நெல் இருக்கும்போது என்ன கவலை? கழித்துக் கட்டுகிற வேலை நம்மூர் அரிசி மில் கணக்குப்பிள்ளைக்குக் கைவந்த கலை. மூட்டை தூக்கும் அண்ணன்மாரை மட்டும் தனிப் பிரிவில் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பரிசும் லோடுமேன் சங்கத்துக்குப் போய்விடும்.

பரங்கிக்காயைப் பற்றிச் சொன்னால் அத்தை நம்பமாட்டார். 2023-இல் கலிபோர்னியாவில் ஒரு காயை நிறுத்தார்கள்: 2,749 பவுண்டு, நம் கணக்கில் 1,247 கிலோ. மில் பாஷையில் 25 கிலோ சிப்பம் ஏறக்குறைய ஐம்பது. அப்போது அது உலக சாதனை. கனடாவில் விண்ட்சர் என்ற ஊரில் இந்த ஜாதிக் காயைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஏரியில் பந்தயம் விட்டிருக்கிறார்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள் என்பதால் பொங்கலுக்கு நம்மூர்ப் பெருவளை வாய்க்காலில் தண்ணீர் இருக்கும். காய்க்குத்தான் வழியில்லை.

நம்மூரில் உறியடியும் வழுக்கு மரமும் இளவட்டங்களுக்கு, சாக்கு ஓட்டம் பொடிசுகளுக்கு, பெண்களுக்குக் கோலமும் மியூசிக்கல் சேரும். கயிறு இழுக்கையில் கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிப்போம். அதிலும் நாற்பது தாண்டியவர் யாரும் கயிற்றைத் தொடமாட்டார். மற்றவர்கள் எல்லாம் மடிப்புக் கலையாத வேட்டியோடு பந்தலில் உட்கார்ந்து தலைமை தாங்குவீர்கள். ஒரே விழாவில் எத்தனை பேர் தலைமை தாங்க முடியும்? பாதிப் பேரை இறக்கிவிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு ஒரு சாக்கு ஓட்டம், பெண்களுக்குத் தனியாக உறியடி. அத்தை கையில் கம்பைக் கொடுத்துக் கண்ணைக் கட்டினால், முதலில் ஒதுங்கி நிற்க வேண்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பரிசுச் செலவில் பாதி எங்களுடையது, உங்கள் பெண் பணம் அனுப்புவாள். பொருளை மட்டும் அத்தையைக் கேட்காமல் வாங்காதீர்கள். போன வருஷம் கோலத்துக்குக் கொடுத்த டப்பாவுக்கு மூடி சேரவில்லை என்று இன்னும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மருமகன்