பாவாடை கலர் மாறக் கூடாது

ஆரணியில் நிறத்தைப் பற்றி வாய் திறப்பது ஆபத்து. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிற ஊர். அரக்கு என்று சொன்னால் எந்த அரக்கு என்று கேட்பார்கள். மாந்துளிர், வெங்காயச் சருகு, மயில்கழுத்து, கத்திரிப்பூ என்று என் மாமனார் அடுக்கும்போது, எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு, பச்சை, அப்புறம் "அந்த ஒரு மாதிரி கலர்". புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. சாயத்தில் அரை ஷேடு இறங்கினாலும் சேலை வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண்ணெடுத்தவன் நான். என் மகள் முகத்துக்கு மட்டும் யாருமே நூல் சாம்பிள் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அவளுக்கு என் நிறம். மாநிறம் என்பாள் என் அம்மா. அதில் பாசமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. காதுகுத்து முடிந்த கையோடு, தாத்தா நெய்த அரக்குப் பட்டில் பாவாடை கட்டி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனோம். படம் எடுக்க ஐந்து நிமிஷம். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் நடந்ததுதான் விசேஷம்.

ஸ்டுடியோ தம்பி யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மவுஸை ஓர் இழுப்பு இழுத்தார், குழந்தை வெளுத்தாள். இன்னோர் இழுப்பு, கன்னம் வழவழத்தது. மூன்றாவதாகப் பிரஷ்ஷை எடுத்துக் கன்னத்தில் ஒரு கரும்புள்ளியைத் துடைத்தெறிந்தார். 2002-இல் போட்டோஷாப்பில் வந்து சேர்ந்த ஹீலிங் பிரஷ் அது. தழும்பு, பரு, கறை எதுவானாலும் பக்கத்துத் தோலை வைத்து மூடிவிடும். திருஷ்டிப் பொட்டு என்று ஒன்று உலகத்தில் உண்டென்று அதற்கு யார் சொல்வது?

"டேய், பொட்டைக் காணோம்டா!" என்று என் அம்மா அலறினாள். "இவ்ளோ வெளுப்பாக்கிட்டு பொட்டையும் எடுத்துட்டா கண்ணு படாதா?"

பொட்டு திரும்ப வந்தது. காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி அத்தனை வட்டம்.

"ஏங்க, கண்ணுல லைட்டு போடச் சொல்லுங்க" என்றாள் மனைவி. கருவிழியில் தெரிகிற அந்த வெள்ளைப் புள்ளி, எதிரே இருக்கும் ஜன்னலோ விளக்கோ விழியில் விழுகிற பிம்பம். அது இல்லையென்றால் முகத்தில் உயிர் இருக்காது, நிஜம்தான். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் அதற்கென்றே மெல்லிய பிரஷ் வைத்திருப்பார்கள். முகத்தில் கறுப்பாக விழுந்த இடத்தைச் சரிசெய்ய நெகட்டிவில் கூர்மையான பென்சிலால் தீட்டுவார்கள். அங்கே கறுத்தால் பிரிண்டில் வெளுக்கும். எங்கள் தம்பியோ தாராள மனசுக்காரர். கண்ணுக்கு இரண்டு விளக்கு, வெள்ளை விழிக்குத் தனியாக ஒரு வெளுப்பு. ராத்திரியில் எதிரே வருகிற வேலூர் பஸ் மாதிரி என் மகள் என்னைப் பார்த்தாள்.

குழந்தைக் கண்ணுக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லை. பிறக்கும்போதே கருவிழிப் படலம் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், இரண்டு வயசுக்குள் கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவான 12-ஐத் தொட்டுவிடும். முகம்தான் அதற்கப்புறமும் வளர்கிறது. சின்ன முகத்தில் முழு அளவுக் கண், பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்? இதை நான் அங்கேயே விளக்கினேன். "சரி சார்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினார்.

அப்போதுதான் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே வந்தார். முகத்தை ஏற்றின வேகத்தில் பாவாடையும் ஏறி, அரக்கு ரோஸாகியிருந்தது.

"என்னப்பா இது? இந்தக் கலரையா நான் நெய்தேன்?"

விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் மிச்ச நூலை எடுத்து வந்து மானிட்டர் மேல் ஒட்டவைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் பாவாடையை மட்டும் தனியாக வெட்டிப் பிரித்து, நூலுக்கு நூல் சரிபார்த்தார்கள். பேத்தியும் பக்கத்து ஸ்டூலில்தான் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவளைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. வெளிச்சம் பட்டால் தன் நிறத்தைத் தாடையடியில் கொஞ்சம் பூசிவிடும். அந்தச் சிவப்பை எடுத்துவிட்டுப் பிள்ளையின் சொந்த நிறத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் டச்சப்பில் நியாயமான வேலை. அதைத் தம்பி தொடவே இல்லை. வெளுத்த முகம், சிவந்த தாடை.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1950-களில் கோடாக் கம்பெனி பிரிண்ட் போடும் லேபுகளுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பெயர் ஷர்லி. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். பின்னால் அட்டையில் வந்த மாடல்களுக்கும் ஷர்லி என்றே பெயர். கறுத்த முகங்கள் படத்தில் சரியாக விழாதது கம்பெனியை அவ்வளவாக உறுத்தவில்லை. மரச்சாமான் வியாபாரிகளும் சாக்லெட் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள். மூன்று நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கிற அட்டை வர 1990-கள் ஆயிற்று. மேசை நாற்காலிக்கு விடிந்த பிறகுதான் மனுஷனுக்கு விடிந்திருக்கிறது!

இந்தச் சரித்திரத்தை வீட்டில் சாப்பாட்டு வேளையில் எடுத்துச் சொன்னேன். "குழம்பு ஆறுது" என்றாள் மனைவி.

அடுத்தது குடும்பப் படம். எல்லோர் முகத்தையும் முடித்துவிட்டுத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களை என்ன சார் பண்றது?"

கோடாக், ஷர்லி எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "லைட்டா" என்றேன்.

இழுத்தார். போதாதென்று ஜாடை காட்டினேன், மறுபடி இழுத்தார். "இதுக்கு மேல ஏத்தினா பெரியவரோட வேட்டி காணாமப் போயிடும் சார்."

மாமனார் என் பின்னால்தான் நின்றிருந்தார். "மாப்ள ஆசைப்படறார், வேட்டி போனாப் போகுது தம்பி. பார்டர் மட்டும் கலர் மாறாமப் பாத்துக்கோ."