குறை பார்த்து வாங்குவது எப்படி?

பணம் இருப்பவர்கள் எதையும் நிறை பார்த்து வாங்குவார்கள். கேம் ஆட மானிட்டர் வேண்டும், அதுவும் பத்தாயிரத்துக்குள் வேண்டும் என்று கிளம்புகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் குறை பார்த்துத்தான் வாங்கியாக வேண்டும். எந்தக் குறையோடு ஐந்து வருஷம் குடித்தனம் நடத்த முடியும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதில் எனக்குக் குரு என் அக்கா மகன். கல்லூரியில் படிக்கிறான் என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

“மாமா, 60 ஹெர்ட்ஸ்ல ஆடுறதுக்கு நீங்க ஆடாமலே இருக்கலாம்.”

60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் அது 6.9 ஆகக் குறையும். மிச்சமாகும் அந்தப் பத்து மில்லிவினாடிக்குள் எதிரி மூலையிலிருந்து எட்டிப்பார்த்துச் சுட்டுவிடுவான் என்பது மருமகன் கட்சி. என்னைச் சுடுவதற்கு யாரும் அவ்வளவு அவசரப்படத் தேவையே இல்லை. சாவகாசமாக வந்து, ஒரு டீ குடித்துவிட்டுக்கூடச் சுடலாம்.

ஆனால் எனக்கு வேறொரு ஆற்றாமை உண்டு. 2003 வாக்கில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடினோமே, அந்தக் குண்டு மானிட்டர்களில் பல 85 ஹெர்ட்ஸ் வரை அலட்டிக்கொள்ளாமல் போகும். ஓடுகிற ஆள் ஓடுகிற ஆளாகவே தெரிவான், இழுபடமாட்டான். பிறகு தட்டை எல்சிடி வந்தது. மேஜையில் இடம் மிச்சம் என்று ஊரே அதற்கு மாறியது. மாறிய கையோடு எல்லோரும் 60-க்கு இறங்கினோம். ஒருத்தர் வாய் திறந்து சொல்லவில்லை. குண்டு மானிட்டரைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அன்று காசு கொடுத்து இறங்கிய படிகளில்தான் இன்று காசு கொடுத்து ஏறிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். அண்ணா சாலையின் ஓரத்தில் இருந்துகொண்டு சென்னையின் பாதி கம்ப்யூட்டர்களுக்கு உறுப்பு தானம் செய்கிற தெரு. அங்கே ஆயிரம் ரூபாயைப் பணமாக யாரும் மதிப்பதில்லை. அது அடுத்த மாடலுக்குப் போகிற படிக்கட்டு. “ஆயிரம் சேர்த்துப் போட்டா 27 இஞ்ச் சார்.” இன்னொரு ஆயிரத்துக்கு வளைந்த திரை. மூன்றாவது ஆயிரத்தில் நமக்கே வெட்கம் வந்து, பட்ஜெட்டைச் சொன்னதே தப்போ என்று தோன்றும். நல்லவேளை, 27 அங்குலத்தில் மருமகன் உஷாராக இருந்தான். அதிலும் அதே 1920-க்கு 1080 புள்ளிகள்தான். 24 அங்குலத்தில் அங்குலத்துக்குச் சுமார் 92 வருவது அங்கே 82 ஆகிவிடும். புள்ளிகளை எண்ணிப் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்துதான் நாம் ஆடுகிறோம்.

அடுத்தது பேனல். மலிவில் மூன்று ரகம், மூன்று குறை. டிஎன் வேகமானது, ஆனால் நேராக உட்கார்ந்தால்தான் நிறம் நிறமாக இருக்கும். நாற்காலியில் சரிந்து கீழிருந்து பார்த்தால் கதாநாயகன் ஃபிலிம் நெகட்டிவ் ஆகிவிடுவான். பக்கவாட்டில் வந்து நிற்கும் மனைவிக்கும் படம் வெளிறித் தெரியும். இதை நன்மைக் கணக்கில் எழுதலாமா என்று யோசித்தேன். விஏ பேனலில் கறுப்பு அசல் கறுப்பு. ஆனால் விலை குறைந்தவற்றில், இருட்டில் ஓடும் எதிரிக்குப் பின்னால் ஒரு மைத்தீற்றல் இழுபடும். “எந்தப் பக்கம் போனான்னு கண்டுபிடிக்க வசதிதானேடா” என்றேன். மருமகன் சிரிக்கவில்லை. ஐபிஎஸ்ஸில் நிறமும் கோணமும் நன்றாக இருக்கும். அறையை இருட்டாக்கினால் கறுப்பு சாம்பலாகி, மூலைகளில் வெளிச்சம் கசியும். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது ஹாலில். சீரியல் முடிகிறவரை அங்கே விளக்கை அணைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஐபிஎஸ் என்று முடிவாயிற்று.

அட்டைப்பெட்டியில் இருப்பவை எதுவும் பொய் இல்லை என்பதுதான் வேதனை. ‘1 மில்லிவினாடி’ என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே எறும்பு எழுத்தில் எம்பிஆர்டி என்று இருக்கும். பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து எடுத்த கணக்கு அது. அந்த வசதியைப் போட்டால் திரை மங்கிவிடும். எச்டிஆர் என்றும் போட்டிருக்கும். வேசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் சான்றிதழில் கடைசிப் படிக்கே 400 நிட் வெளிச்சம் வேண்டும். நம் விலையில் கிடைப்பது பெரும்பாலும் 250, மிஞ்சினால் 300. எச்டிஆர் சிக்னலை அது மனு வாங்கும் அலுவலகம் மாதிரி மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. வேலரண்ட் மாதிரி லேசான கேமில் நூறு ஃபிரேமைத் தாண்டிவிடும். சைபர்பங்க் போட்டால் முப்பதைத் தொடுவதற்குள் ஃபேன் அலறும். வினாடிக்கு முப்பது படம் கொடுக்கிற கார்டுக்கு 144 ஹெர்ட்ஸ் எதற்கு என்று என் மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடையாது. கார்டின் தடுமாற்றத்துக்கு ஏற்பத் திரையே நிதானித்துக்கொள்ளும் ஃபிரீசிங்க் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். என் கார்டில் அது டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் வேலை செய்யும். பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிள் மட்டுமே இருந்தது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்குத் தனி பில்.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் முதலில் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்குக்குப் போனான். புதுத் திரையைப் பூட்டினாலும் பல நேரம் அது 60 ஹெர்ட்ஸிலேயே கிடக்கும். நாம்தான் மாற்ற வேண்டும். அவன் நண்பன் ஒருவன் இதை மாற்றாமலே மாதக்கணக்கில், “144-ன்னா 144-தான்டா, என்னா ஸ்மூத்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானாம். குறைந்த செலவில் கிடைக்கும் சந்தோஷம் இதைவிட வேறு இருக்க முடியாது.

மலிவு மானிட்டரின் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயும், மேலே ஏறாது. கழுத்து வலிக்காமல் இருக்க நாலு அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. பரணில் கிடந்த என் பழைய டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகளை இறக்கி அடியில் அடுக்கினேன். குரூப் 2, குரூப் 4, பொதுத்தமிழ், கச்சிதமான உயரம்.

மனைவி வந்து பார்த்தாள். “பரவாயில்லையே, இந்த புக்கால நம்ம வீட்ல ஒண்ணாவது மேல வந்துச்சே” என்றாள்.