கவனிச்சேளா மாமா

எந்தக் குடியிருப்பானாலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் கட்டடத்தில் அவருக்கு இரண்டாவது மாடி. பணி ஓய்வு பெற்றவர். மடியில் நாளிதழ், பக்கத்தில் வானொலி. இரண்டும் ஒன்றுக்கொன்று ரகசியமாகப் பேசிக்கொள்கின்றன என்பது அவர் துணிபு. மாடிப்படியில் யார் அகப்பட்டாலும் "கவனிச்சேளா?" என்றுதான் தொடங்குவார். வெங்காய விலை ஏறிய செய்தி வந்த காலையில் விவித பாரதியில் சோகப் பாட்டு. மழைப் பாட்டு ஓடும்போது மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் என் வீட்டுச் சுவரில் இறங்கியதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

2023 டிசம்பர் அவருக்குப் பொற்காலம். மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு முதலை ராத்திரியில் சாலையைக் கடந்து போனது. காரில் போன யாரோ அதைப் படம் பிடிக்க, ஊரே பார்த்தது. வெள்ளம் வடிந்ததும் மாமா எங்களைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். சுவரில் மளிகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர். அட்டையில் கஜேந்திர மோட்சம்.

"முதலை வந்துடுத்தா?"

"யானை எங்கே மாமா?" என்றான் கீழ்வீட்டுப் பையன்.

"யானைகவுனி எந்த ஊர்ல இருக்கு?"

"சரி, கருடன்மேல வர்ற பெருமாள்?"

"ஹெலிகாப்டர்ல சாப்பாட்டுப் பொட்டலம் போட்டாளே, அது யாராம்?"

பையன் வாயடைத்துப் போனான். அந்த அட்டை ஜனவரியிலிருந்தே அங்கே தொங்குகிறது; பதினோரு மாதம் அதற்குப் பொருத்தமாக ஒரு பல்லிகூடத் தெருவைக் கடக்கவில்லை. ஆனால் வராத முதலைகளுக்குக் கணக்கு வைக்கும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. கணக்கு வைத்தால் தொழில் படுத்துவிடும்.

சந்தேகப்படுகிறவர்களை மடக்க அவரிடம் பெரிய சரக்கும் உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' படத்தில் சுனாமி பற்றிப் பேச்சு வருகிறது. 2004 டிசம்பரில் சுனாமியே வந்தது. 1898இல் மார்கன் ராபர்ட்சன் எழுதிய நாவலில் 'டைட்டன்' என்ற கப்பல் ஏப்ரல் மாதம் பனிப்பாறையில் மோதி மூழ்குகிறது. 1912 ஏப்ரலில் டைட்டானிக். வட அட்லாண்டிக்கில் ஏப்ரல் என்றாலே பனிப்பாறை மிதக்கிற பருவம்தானே, கடலோடித் தெரிந்த மனிதர் வேறு எதில் கொண்டுபோய் மோதுவார் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என்னை ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்து, உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

பாவம், தப்பு அவருடையது மட்டுமல்ல. முதல் பாட்டு மங்கலச் சொல்லில் தொடங்க வேண்டும், நச்செழுத்து படக் கூடாது என்று பாட்டியல் நூல்களில் விதி எழுதிவைத்த கூட்டம் நாம். நந்திக் கலம்பகத்தைக் கேட்டே மூன்றாம் நந்திவர்மன் உயிர்விட்டான் என்று ஒரு கதையும் கட்டி, ஆயிரம் வருஷத்துப் பல்லவ ராஜாவை இன்னும் பாட்டாலேயே கொன்றுகொண்டிருக்கிறோம். பாட்டு பலிக்கும் என்ற பயம் அந்தக் காலத்தில் புலவருக்கு இருந்தது, இப்போது இரண்டாவது மாடிக்குக் குடிவந்திருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: பல்லவியோடு அடுத்த பாட்டுக்குத் தாவாமல் கடைசிச் சரணம்வரை கேட்கிற ஒரே ஆள் எங்கள் கட்டடத்தில் அவர்தான்.

போன மாதம் மாமியிடம் மெல்லக் கேட்டேன், இந்தப் பொருத்தமெல்லாம் உங்களுக்கும் தெரியுமா என்று. மாமி கறிவேப்பிலை உருவிக்கொண்டே, உள்ளே கேட்கிற குரலில் சொன்னார்:

"எங்க கல்யாணத்துல நாகஸ்வரக்காரர் முகாரி வாசிச்சார். லோகத்துல எல்லாத்தையும் கவனிக்கிற மனுஷர் அதை மட்டும் கோட்டை விட்டுட்டார்."

உள்ளேயிருந்து பதில் உடனே வந்தது. "அது பைரவி!"