புலிட்சர் பரிசுக்கு ஒரு சிபாரிசு

அமெரிக்காவின் அரசுக் குடியிருப்புகளில் அல்லல்படும் கறுப்பினப் பெண்களைப் பற்றிய ‘தெரு நாவல்’களைக் கண்டாலே கனவான்களுக்கு முகம் கோணுகிறது. போதை விற்கும் காதலன், ஜெயிலுக்குப் போகும் அப்பன், வெட்டுக்குத்து. இதெல்லாம் ஒரு இலக்கியமா? புத்தகக் கடையில் கறுப்பின இலக்கிய அலமாரி முழுக்க அரைகுறை ஆடை அட்டைகள்தான் என்று 2006இல் நிக் சைல்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளரே நியூயார்க் டைம்ஸில் நொந்துகொண்டார். அவர் பாடு அவருக்கு. ஆனால் அந்த நாவலாசிரியைகள் பாவம், அப்படி என்ன பெரிதாக எழுதிவிட்டார்கள்? டெரி வுட்ஸ், பதிப்பாளர்கள் கைவிரித்ததால் தன் நாவலைக் கார் டிக்கியில் வைத்து விற்றவர். சிஸ்டர் சோல்ஜா 1999இல் எழுதிய நாவலில், புரூக்ளின் குடியிருப்பில் பிறந்த வின்டர் என்ற பெண் கடைசியில் 15 ஆண்டுச் சிறைக்குப் போகிறாள். இவர்களெல்லாம் கத்துக்குட்டிகள். இந்தத் துறையின் மூத்த எழுத்தாளர் அமெரிக்க அரசாங்கம்.

முதல் படைப்பு: 1963 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் அடங்கிய அலமீடா மாவட்டத்தில், உதவித்தொகை வாங்கும் தாய்மார்களின் வீட்டுக் கதவை நலத்துறை ஊழியர்கள் தட்டினார்கள். ஒருவர் முன்வாசலில், ஒருவர் கொல்லையில். படுக்கையறையில், அலமாரியில், குளியலறையில் ஆம்பளை எவனாவது ஒளிந்திருக்கிறானா? இருந்தால் பிள்ளைகளின் சோற்றுக்காசு நின்றுபோகும். வைத்த பெயர் ‘ஆபரேஷன் பெட்செக்’. அட்டையில் அரைகுறை ஆடை போடுகிறவர்களுக்குக்கூட இப்படியொரு தலைப்பு தோன்றியிருக்காது. இந்த அசிங்கத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொன்ன பார்வையற்ற ஊழியர் ஒருவரை வேலையை விட்டே தூக்கினார்கள். நீதிமன்றம் அவர் பக்கம் நிற்க 1967 ஆயிற்று.

ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் காசு கிடையாது என்று துரத்திவிட்டு, அப்புறம் மேடை ஏறி, “இந்தக் குடும்பங்களில் அப்பனே இல்லை, அதனால்தான் உருப்படவில்லை” என்று முழங்கினார்கள். காலை ஒடித்தவனே நொண்டி என்று ஏசிய கதை.

திகில் கதையும் உண்டு. 1987இல் சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில், பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் தன் குளியலறைக்கும் இடையில் இருந்த மருந்து அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு பெண் போலீசுக்குப் போன் செய்தார். போலீஸ் வந்தது, கதவைத் தட்டியது, பதில் இல்லை, திரும்பிப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கதவு திறக்கப்பட்டது. உள்ளே அந்தப் பெண்ணின் பிணம். 1992இல் ஹாலிவுட் இந்த அலமாரி ஓட்டையை ‘கேண்டிமேன்’ பேய்ப் படத்தில் வைத்துக் கல்லா கட்டியது. பேயை நம்ப ஊரே தயார். சுவரே இல்லாமல் வீடு கட்டிக்கொடுத்த புண்ணியவான் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் தலைசிறந்த படைப்பு அரசுக் குடியிருப்புகளின் வாடகை ஒப்பந்தம்தான். குடியிருப்பவர், குடும்பத்தார், விருந்தாளி, யார் போதைப்பொருள் வைத்திருந்தாலும், வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ, மொத்தக் குடும்பத்தையும் காலி செய்யச் சொல்லலாம். அதே ஓக்லாந்தில் 63 வயதுப் பாட்டி ஒருவர். மனநலம் குன்றிய மகள், பேரப்பிள்ளைகள் இருவர், கொள்ளுப்பேரப் பிள்ளை ஒன்று, எல்லாரும் அவர் நிழலில். மகளின் அறையை அடிக்கடி சோதனை போட்டவர், “ஏதாவது மாட்டினால் வீடு போய்விடும்” என்று எச்சரித்தவர். மகள் மூன்று தெரு தள்ளி கொக்கெய்னோடு பிடிபட்டாள். வழக்கு பாட்டிமேல்! மகள் சிறைக்குப் போனதும், இனி ஆபத்தில்லை என்று வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என்ன பெருந்தன்மை! ஆனால் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவை எழுதவைத்த சட்டம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002இல், தீர்ப்பில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: வாடகைதாரருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் வெளியேற்றலாம்.

செய்யாத குற்றத்துக்கு, தெரியாத குற்றத்துக்கு, தடுக்கப் பார்த்த குற்றத்துக்கும் ஒரு கிழவியை வீதியில் நிறுத்தலாம் என்று எழுத எந்தத் தெரு நாவலாசிரியைக்கும் மனம் வராது. முகம் சுளிக்கிறவர்கள் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்து சுளிக்கட்டும். அந்தப் பிரிவு இன்றும் சட்டத்தில் இருக்கிறது.