பன்றி ஆண்டும் வராகனும்

கேள்வி: நியுவே போன்ற குட்டித் தீவு நாடுகள் சீன ஆண்டு விலங்குகளைப் பொறித்து வெளியிடும் வெள்ளி நாணயங்களைப் போல, திருப்பதி, சித்தூர்ப் பக்கம் ஏதேனும் உண்டா?

பதில்: 2,000-க்கும் குறைவான மக்கள் வாழும் நியுவேயின் வெள்ளி நாணயத்தில் பொறித்த டாலர் மதிப்பைவிட அதிலுள்ள வெள்ளியின் விலை பன்மடங்கு என்பதால், அதைக் கடையில் கொடுத்து உப்பு வாங்குவார் எவருமில்லை. திருமலையில் தேவஸ்தானம் விற்கும் வெள்ளி ‘ஸ்ரீவாரி டாலர்’ முகமதிப்பே இல்லாத பதக்கம். அது செல்லுபடியாகும் இடங்கள் கழுத்தும் பூசையறையுமே.

ஆயினும் சீனச் சுழற்சியின் பன்னிரண்டாம் விலங்கான பன்றிக்கு, இந்த மண் பல நூற்றாண்டுகள் முன்பே பொன்னில் மரியாதை செய்துவிட்டது. ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள விஜயநகரப் பொற்காசு, அரச இலச்சினையான வராகத்தின் பெயரால் ‘வராகன்’ எனப்பட்டது. திருமலையோ ஆதிவராகத் தலம், புஷ்கரிணிக் கரையிலுள்ள வராகசுவாமியை முதலில் வணங்கிய பின்னரே வேங்கடவனைக் காண்பது அங்கு மரபு. சந்திரகிரியிலிருந்தும் அரசாண்ட இரண்டாம் வெங்கடபதி ராயர் வெளியிட்ட வராகனில் ஒருபுறம் நின்ற கோலத்தில் வேங்கடேசுவரர், மறுபுறம் நாகரி எழுத்தில் அவருக்கு வணக்கம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியும், பெருமாளும் தேவியர் இருவரும் நிற்கும் ‘மூன்று சுவாமி வராகனை’ அச்சிட்டது. கண்ணாடிப் பெட்டிக்காகப் பிறக்காமல் சந்தையில் கைமாறித் தேய்ந்த அக்காசுகளே, சேகரிப்பவர் தேடத் தகுந்த செல்வம்.