டாஸ்மாக் பாருக்கு நட்சத்திரம் கேட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, சென்னை.

பொருள்: டாஸ்மாக் பார்களைக் ‘காஸ்ட்ரோபப்’ என அறிவித்து ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

லண்டன் ஃபாரிங்டன் சாலையில் 1991-இல் மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் என்ற இருவர் ‘தி ஈகிள்’ என்ற பழைய பப்பை எடுத்து, திறந்த அடுப்படி வைத்து, ஜோடி சேராத நாற்காலிகளைப் போட்டு, அன்றைய சாப்பாட்டைக் கரும்பலகையில் எழுதினார்கள். உலகம் அதை முதல் காஸ்ட்ரோபப், அதாவது நல்ல சாப்பாடும் கிடைக்கும் மதுக்கடை, என்று கொண்டாடுகிறது. பெரிய பீர் கம்பெனிகள் பப்களின் மீதுள்ள பிடியைத் தளர்த்த வேண்டும் என்று 1989-இல் அந்நாட்டு அரசு உத்தரவு போட்டதும் இதற்கு வழிவிட்டது. ஏகபோகத்தை உடைத்து அவர்கள் சாதித்ததை, 2003-இல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் கொடுத்து, ஏகபோகத்தை உண்டாக்கியே தாங்கள் சாதித்தீர்கள். இதை ஏன் வெளியே சொல்வதில்லை?

டாஸ்மாக் பாரை டெண்டர் எடுப்பவருக்கு மது விற்க உரிமை இல்லை. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில் சேகரிக்கலாம். ஆக, காகிதத்தில் அது சாப்பாட்டுக் கடை. குடி என்பது பக்கத்துக் கடையிலிருந்து வாடிக்கையாளர் கையோடு கொண்டுவரும் சமாச்சாரம். உணவுக்கு இத்தனை மரியாதை லண்டனிலும் கிடையாது.

மற்ற லட்சணங்களும் பொருந்துகின்றன. நாற்காலிகள் ஜோடி சேராதவை. சிலவற்றுக்குக் காலே சேராது. அடுப்படியோ வாசலிலேயே திறந்து கிடக்கிறது. அவித்த முட்டை, சுண்டல், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை, குடல் வறுவல், நெத்திலி. இதே நெத்திலி நட்சத்திர ஓட்டல் பப்பில் கருங்கல் பலகையில் ஏறி, எலுமிச்சைத் துண்டோடு வந்தால் பில் தொகையே வேறு.

அந்தப் பப்பும் ஓட்டலுக்குள்தான் இருந்தாக வேண்டும். சாதாரண உணவகம் சாப்பாட்டோடு ஒரு கோப்பை பீர் பரிமாறத் தங்கள் விதி இடம் தருவதில்லை. கிளப்பாகவோ, அறைகள் கொண்ட நட்சத்திர ஓட்டலாகவோ இருக்க வேண்டும். வறுத்த மீனுக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். விதியின் நுட்பம் அவர்களுக்குப் புரியாது. தட்டு, கண்ணாடிக் கோப்பை, உட்கார இடம் எல்லாம் காசுள்ளவருக்கு. மற்றவருக்கு பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும். சைடு டிஷ்ஷுக்கும் காசில்லாதவர் வெறும் வயிற்றில் ஊற்றிக்கொள்ளலாம். வரியில் மட்டும் தாங்கள் யாரையும் ஒதுக்குவதில்லை.

எனவே பணிவோடு கோருவது:

1. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையைப் பாட்டிலில் அச்சிட்டால் போதாது. மெனு அட்டையின் தலைப்பாகவும் போட்டு, ‘சமையற்காரரின் சிபாரிசு’ என்று குறிப்பிட வேண்டும்.

2. 2022-இல் நீலகிரியில் தொடங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவருக்கு 10 ரூபாய் தருகிறீர்கள். காலி வயிற்றோடு வருபவருக்கு இரண்டு இட்லியாவது தர வேண்டும்.

3. நட்சத்திரத் தகுதிக்கு அறைகள் இல்லையே என்று கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கடை வாசல்களில் இரவு தங்கும் வாடிக்கையாளர்களைக் கணக்கெடுங்கள். எந்த ஐந்து நட்சத்திர ஓட்டலிலும் அத்தனை பேர் தங்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வருவாய்க்கு உழைக்கும் ஒருவன்